ஐநூறு டாலர்ல முதல் ரைபிள்: பழைய மிலிட்டரி சர்ப்ளஸா, கடையில புதுசா?

அமெரிக்கால செட்டில் ஆன நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்போ துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு போறாங்க, சிலர் மான் சீசனுக்கு லைசென்ஸ் எடுத்து வேட்டைக்கும் போறாங்க, அதனால முதல் ரைபிள் எத வாங்கறதுன்ற பேச்சு வீக்கெண்ட் சாப்பாட்டு நேரத்துல கூட வந்துடுது. பட்ஜெட் பெரும்பாலும் ஐநூறு, அறுநூறு டாலர். கன் ஷோன்ற துப்பாக்கி சந்தைல ஒரு டேபிள் மேல சர்ப்ளஸ், அதாவது ராணுவம் கழிச்சு வித்த ரெண்டாம் உலகப்போர் காலத்து ரைபிள், மரக்கட்டை, பயனட்டு எல்லாத்தோடயும் கெடக்கு, பக்கத்து கடையில கிட்டத்தட்ட அதே விலைக்கு கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் போட்ட, ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட கையால இழுத்து தள்ளற புது போல்ட் ஆக்‌ஷன் நிக்குது. பழசுதான் மனச இழுக்கும். எனக்கும் அதுதான் புடிக்கும். ஆனா முதல் ரைபிள், இருக்கப்போறதும் ஒரே ரைபிள், காசும் டைட்டுன்னா புதுச வாங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஏன்னு விலாவாரியா சொல்றேன், பழசு வாங்கறது சரியா வர்ற ஆளு யாருன்னும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம். எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம், வாங்கறது மட்டும் இல்ல. முறையா எடுத்த வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, ஆனா அத ஃப்ரெண்டு சொன்னான்னு நம்பி செய்யாதீங்க, ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, ஏன்னா இதுல தப்பானா விசாவே போயிடும். கிரீன் கார்டு இருந்தா ஃபெடரல் சட்டத்துல பிரச்சனை இல்ல, சிட்டிசன் மாதிரியே 4473 ஃபார்ம் ஃபில் பண்ணி பேக்ரவுண்ட் செக் முடிச்சு வாங்கலாம். மாநில சட்டம் வேற வேற, டெக்ஸாஸ்ல நடக்கறது கலிஃபோர்னியால நடக்காது. ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அங்க த்ரீ நாட் த்ரீ மாதிரி ராணுவ தோட்டா போடற துப்பாக்கி எல்லாம் சாதாரண ஆளுங்க லைசென்ஸ்ல வராது.

சரி, சர்ப்ளஸ்னா சீப்புன்ற எண்ணம் எங்கருந்து வந்துச்சுன்னா, ஒரு காலத்துல அது நெஜமாவே சீப்பு. ரஷ்யாவோட மோசின் நாகண்ட்னு ஒரு ரைபிள், 1891ல டிசைன் பண்ணினது, அதோட 91/30 மாடல சோவியத் யூனியன் ரெண்டாம் உலகப்போர் முடியறதுக்குள்ள துலா, இஷெவ்ஸ்க் ஊர் ஃபாக்டரிங்கள்ல கோடிக்கு மேல அடிச்சு தள்ளினாங்க. போர் முடிஞ்சதும் ரிப்பேர் பண்ணி, கிரீஸ் பூசி, பெட்டில அடுக்கி குடோன்ல போட்டாங்க. சோவியத் ஒடஞ்சதுக்கு அப்புறம் அந்த பெட்டிங்க கப்பல் ஏறி அமெரிக்கா வந்துச்சு, 2010 வாக்குல கூட நூறு டாலருக்குள்ள ஒண்ணு கெடைக்கும், கூடவே 440 ரவுண்டு தோட்டா இருக்கற சீல் பண்ணின தகர டப்பாவும் நூறு டாலருக்குள்ள. அந்த காலத்துல யாராவது என்கிட்ட கேட்டிருந்தா யோசிக்காம சர்ப்ளஸ் வாங்குன்னு சொல்லியிருப்பேன். இப்போ அந்த கணக்கு செத்துப்போச்சு. சீனத் துப்பாக்கி இறக்குமதி 1994லயே நின்னுடுச்சு, 2021 செப்டம்பர்ல இருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு புது பெர்மிட் குடுக்கறத அமெரிக்க அரசு நிறுத்திடுச்சு, அதுக்கு அடுத்த வருஷம் உக்ரைன்ல போரே ஆரம்பிச்சுடுச்சு, அந்தப் பக்கத்து குடோன்ல மிச்சம் இருந்தாலும் இங்க வர வழி இல்ல. இன்னைக்கு சுமாரான 91/30க்கே நானூறு டாலர் கேக்கறாங்க. அதே காசுக்கு சாவேஜ் ஆக்ஸிஸ்னு ஒரு புது ரைபிள் வாங்கி, பெட்டியப் பிரிச்சு, அன்னைக்கே ரேஞ்சுக்கு போகலாம். இன்னமும் நம்ம ஆளுங்க பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்த வீடியோவ பாத்துட்டு சர்ப்ளஸ்தான் பட்ஜெட் சாய்ஸ்னு நெனச்சு கெளம்பறாங்க, அதான் எனக்கு கவலை.

ரைபிள் மேல ஒட்டியிருக்கற விலை ஒரு தடவ செலவு. தோட்டா செலவுதான் தொடர்ந்து வரும். புது ரைபிள்ல போடற 308 வின்செஸ்டர்ன்ற சைஸ் தோட்டா எந்த ஊரு எந்த கடைக்கு போனாலும் கெடைக்கும், பிராக்டிஸ் தோட்டா ஒரு ரவுண்டு முக்கா டாலர்ல இருந்து ஒரு டாலருக்குள்ள முடிஞ்சுடும். பழைய பிரிட்டிஷ் என்ஃபீல்ட் ரைபிள்ல போடற 303 பிரிட்டிஷ் ஒண்ணரை டாலர் அப்படி போகும், சில சமயம் அதுக்கும் மேல, வால்மார்ட் ஷெல்ஃப்ல பாக்கவே முடியாது. ஸ்விட்சர்லாந்தோட 7.5 மில்லிமீட்டர் தோட்டாவும் அதே கதை. மோசின்ல போடற 7.62×54ஆர் ரஷ்யத் தோட்டா ஒரு காலத்துல இருபது சென்ட், இப்போ டாலர நெருங்கியாச்சு. ரவுண்டுக்கு அம்பது சென்ட் வித்தியாசம்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு இருநூறு ரவுண்டு சுட்டா கூட மூணு வருஷத்துல முந்நூறு டாலர் கூடுதலா போகுது, அந்த காசுல குறி பாக்கற நல்ல ஸ்கோப் ஒண்ணு வந்திருக்கும். இருநூறு ரவுண்டுன்றது ரொம்ப கம்மி வேற, புதுசா கத்துக்கற ஆளு நாலஞ்சு தடவ போனாலே முடிஞ்சுடும். செர்பியால இருக்கற ப்ர்வி பார்ட்டிசான் கம்பெனி இந்தப் பழைய ரைபிள்களுக்கெல்லாம் இன்னைக்கும் புதுசா தோட்டா செஞ்சு குடுக்குது, அவங்க மட்டும் இல்லன்னா பாதி சர்ப்ளஸ் ரைபிள் சுவத்துல தொங்கற பொருளாத்தான் இருக்கும், அந்த கம்பெனிக்கு நான் மனசார நன்றி சொல்லுவேன்.

பழைய சர்ப்ளஸ் தோட்டா எங்கயாவது சீப்பா கெடச்சா அதுல இன்னொரு வேலை இருக்கு. தோட்டாவ பத்தவெக்கற பிரைமர்ல அந்த காலத்துல பொட்டாசியம் குளோரேட் போடுவாங்க, சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி பேரலுக்குள்ள படியும், அது ஒரு உப்பு, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி இரும்ப அரிக்க ஆரம்பிச்சுடும். ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊர்ல ஒரே ராத்திரில செவப்பா துரு தெரியும். உப்ப எண்ணெய் கரைக்காது, தண்ணிதான் கரைக்கும், அதனால ரேஞ்சுல இருந்து வந்த அன்னைக்கே கொதிக்கற தண்ணிய பேரல்ல ஊத்தி, போல்ட் மொகத்தையும் கழுவி, நல்லா தொடச்சு காயவெச்சு, அதுக்கப்புறம் எண்ணெய் போடணும். எஸ்கேஎஸ்னு ஒரு சோவியத் டிசைன் ரைபிள் இருக்கு, அது மாதிரி சுடற கேஸோட அழுத்தத்துல தானா அடுத்த தோட்டா ஏத்தற கேஸ் சிஸ்டம் இருக்கற ரைபிள்னா பிஸ்டன், கேஸ் டியூப் எல்லாத்தையும் கழட்டி கழுவணும். வேலை முடிஞ்சு வந்து ரெண்டு சின்ன பசங்கள வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம சாயங்காலம் இதெல்லாம் செய்ய முடியுமான்னு நேர்மையா யோசிச்சுக்கோங்க. இன்னொண்ணு, நெறைய ரேஞ்சுல வாசல்லயே காந்தம் வெச்சு தோட்டாவ செக் பண்ணுவாங்க, புல்லட்டுல, அதாவது தோட்டால இருந்து பறந்து போற முனைல, ஸ்டீல் இருந்தா உள்ள விடமாட்டாங்க, பழைய சோவியத் தோட்டா பெரும்பாலும் இதுல மாட்டும். மான் வேட்டைக்கும் ஆகாது, பல மாநிலத்துல முழுசா உலோக ஜாக்கெட் போட்ட மிலிட்டரி புல்லட்டால மான சுடக்கூடாது, அது சரியான சட்டமும் கூட, மானுக்குள்ள விரியாம துளைச்சிட்டு போயிடும், அது எங்கயோ ஓடிப்போய் வலில சாகும்.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் பழசுதான் வேணும்னா, எத செக் பண்ணணும்னு தெரிஞ்சுட்டு போங்க, ஏன்னா கன் ஷோ டேபிள்ல வாங்கினத திருப்பி குடுக்க முடியாது, வாரண்டியும் இல்ல. முதல்ல பேரல். போல்ட கழட்டி பின்பக்கமா லைட் அடிச்சு முன்பக்கமா பாருங்க, உள்ள இருக்கற வரி கூர்மையா தெரியணும். கறுப்பா இருந்தா பரவால்ல, சுத்தம் பண்ணினா சிலது நல்லா வந்துடும், குழி குழியா இருந்தா விட்டுடுங்க. அடுத்து பேரல் முனை. சிப்பாய்ங்க கிளீனிங் ராட முன்பக்கமா விட்டு விட்டு தேச்சதுல முனை அகலமாயிருக்கும், குறி தப்பறதுக்கு முக்கிய காரணமே அதுதான். கடைக்காரர்கிட்ட அந்த சைஸ் தோட்டா ஒண்ணு கேட்டு, புல்லட் முனைய பேரல் வாய்ல விட்டுப் பாருங்க, புல்லட் முழுசா உள்ள போய் தோட்டாவோட கழுத்து வரைக்கும் எறங்கிச்சுன்னா அந்த பேரல் தேஞ்சாச்சு. சோவியத் ரிப்பேர் டிப்போல இதுக்கு ஒரு வைத்தியம் செஞ்சிருப்பாங்க, தேஞ்ச முனைய மட்டும் உள்பக்கமா அகலமா கடைஞ்சு விட்டுடுவாங்க, அப்படி இருந்தா மேல சொன்ன டெஸ்ட்டு வேலை செய்யாது, டார்ச் அடிச்சு எவ்வளவு ஆழத்துக்கு கடைஞ்சிருக்காங்கன்னு பாக்கணும். அது குறைன்னு சொல்ல மாட்டேன், நல்லா சுடற ரைபிள் அதுலயும் இருக்கு.

ஹெட்ஸ்பேஸ் அதவிட முக்கியம். போல்ட் மூடினதுக்கு அப்புறம் தோட்டாவுக்கு எவ்வளவு எடம் விடுதுன்ற அளவு அது. அதிகமா இருந்தா தோட்டாவோட பித்தளை பின்னாடி கிழிஞ்சு சூடான கேஸ் உங்க மொகத்துக்கு வரும். அளக்கறதுக்கு கோ, நோ-கோ, ஃபீல்டுன்னு கேஜ் இருக்கு, கன்ஸ்மித்ன்ற துப்பாக்கி மெக்கானிக் நல்லவரா இருந்தா கொஞ்ச நேரத்துல பாத்து சொல்லிடுவார், நாப்பது அம்பது டாலர் ஆகலாம். அந்த காச ரைபிள் விலையோட சேத்துதான் கணக்கு போடணும், இத மிச்சம் புடிக்கவே கூடாது. போல்ட்லயும், போல்ட் ஓடற ரிசீவர்லயும் ஒரே சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க, வேற வேற நம்பர்னா வேற ரைபிளோட போல்ட மாத்தி போட்டிருக்காங்க, அப்போ கண்டிப்பா கேஜ் வெச்சு பாத்தே ஆகணும். டிபின்னு, அதாவது டிரில் பர்பஸ்னு, முத்திரை குத்தின என்ஃபீல்ட் ரைபிள் வந்துச்சுன்னா தொடாதீங்க, அது பரேடுக்கு மட்டும் ஒதுக்கினது, ஊர்ல என்சிசில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், தூக்கி தோள்ல வெச்சு டிரில் பண்ணுவோமே அந்த வகை, அதுல சுடக்கூடாது. முன்பக்க கட்டைய சுத்தி கம்பி சுத்தியிருந்தா அது கிரனேட் வீசறதுக்கு வெச்சிருந்த ரைபிள், ரொம்ப அடி வாங்கியிருக்கும், அதையும் விட்டுடுங்க. அப்புறம் யாரோ கட்டைய வெட்டி, ஓட்ட போட்டு, வேட்டை ரைபிளா மாத்த பாத்த பீஸுங்க வரும். கலெக்‌ஷனுக்கு அது மதிப்பில்லாதது, ஆனா சுடறதுக்கு மட்டும்னா அதுதான் சர்ப்ளஸ்லயே சீப்பு, பேரல் நல்லா இருந்தா பேரம் பேசி வாங்கலாம்.

காஸ்மோலின்னு ஒரு கிரீஸ் இருக்கு, அம்பது அறுபது வருஷம் துரு புடிக்காம இருக்க பூசினது, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி எல்லா இடுக்குலயும் ஒட்டியிருக்கும். மினரல் ஸ்பிரிட்ஸ்னு பெயிண்ட் தின்னர் மாதிரி ஒண்ணு, அத வாங்கி ஊறவெச்சு எடுத்தா போயிடும். அழகுக்காக மட்டும் இத சொல்லல, தோட்டாவ பின்னாடி குத்தி வெடிக்க வெக்கற ஃபயரிங் பின்னுக்கு பெரும்பாலான எஸ்கேஎஸ்ல ஸ்பிரிங் கெடையாது, தளர்வா ஆடற மாதிரிதான் இருக்கும், அது கிரீஸ்ல சிக்கி முன்னாடி நின்னுடுச்சுன்னா போல்ட் மூடின அந்த நொடியே ட்ரிகர் தொடாமயே வெடிக்கும், அடுத்தடுத்து வெடிச்சுட்டே போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால போல்ட முழுசா பிரிச்சு கழுவாம ஒரு தோட்டா கூட போடாதீங்க. ரைபிள குலுக்கினா உள்ள அந்த பின் கலகலன்னு ஆடற சத்தம் கேக்கணும்.

இப்போ எந்தெந்த பழைய ரைபிள் எப்படின்னு சொல்றேன். மோசின் 91/30 நாலடிக்கு மேல நீளம், போல்ட் கைப்பிடி நேரா நீட்டிட்டு இருக்கும் அதனால சாதாரண ஸ்கோப் மாட்ட முடியாது, சேஃப்டி போடணும்னா பின்னாடி குமிழ இழுத்து திருப்பணும், அதுக்கு கைல நல்ல பலம் வேணும், இரும்பு பட் பிளேட் தோள்ல நல்லா இடிக்கும். நூறு கஜத்துல சுட்டதெல்லாம் மூணு நாலு இன்ச்சுக்குள்ள குரூப்பா விழுந்தா அதுக்கு அது நல்ல ரைபிள். நூறு டாலருக்கு இதெல்லாம் பொறுத்துக்கலாம், நானூறுக்கு எதுக்கு பொறுத்துக்கணும்? எஸ்கேஎஸ் நல்ல ரைபிள், பத்து ரவுண்டு, தோள்ல ஒதைக்கற ரீகாயில் மெதுவு, 7.62×39 தோட்டா இன்னும் ஓரளவு சீப்பு, ஆனா இப்போ அறுநூறுக்கு மேல போயிடுச்சு. யூகோஸ்லாவியா மாடல்னா பேரல் உள்ள குரோம் பூச்சு கெடையாது, அதனால பழைய தோட்டா சுட்டிருந்தா துரு இருக்கான்னு ரொம்ப கவனமா பாருங்க.

ஸ்விஸ் கே31 மேல எனக்கு தனி பிரியம். போல்ட திருப்பவே வேண்டாம், நேரா பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளினா போதும், அவ்வளவு நேர்த்தியான மெஷின் வேலை. பட் பிளேட்ட கழட்டினா உள்ள அந்த ரைபிள வெச்சிருந்த சிப்பாயோட பேரு விலாசம் எழுதின சீட்டு சில சமயம் இருக்கும். பேரல் பெரும்பாலும் சுத்தமா இருக்கும், பழைய ரைபிள்லயே குறி சுத்தமா விழறது இதுதான்னு சொல்லலாம். ஆனா ஒரு காலத்துல மோசினுக்கு கொஞ்சம் மேல வித்த இந்த ரைபிளும் இன்னைக்கு நம்ம பட்ஜெட்ட தாண்டிடுச்சு.

இஷாப்பூர் பத்தி சொல்லாம விட முடியாது. கொல்கத்தா பக்கத்துல இருக்கற ரைபிள் ஃபாக்டரில, 1962 சீனப் போருக்கு அப்புறம், பழைய லீ என்ஃபீல்ட் டிசைன எடுத்து, இன்னும் உறுதியான ஸ்டீல்ல, நேட்டோ நாட்டு ராணுவங்களோட 7.62 நேட்டோ தோட்டாவுக்காக செஞ்சதுதான் 2ஏ, 2ஏ1. பன்னெண்டு ரவுண்டு மேகசின், சதுரமா தெரியும், அத வெச்சே தூரத்துல இருந்து கண்டுபுடிச்சுடலாம். 2ஏ1ல குறி பாக்கற பின்பக்க சைட் 800 மீட்டர் வரைக்கும்தான், முந்தின 2ஏல 2000 வரைக்கும் குறிச்சிருப்பாங்க. ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல த்ரீ நாட் த்ரீ புடிச்சு நின்ன ஏட்டய்யாவ பாத்து வளந்தவங்களுக்கு அதே உருவம் இங்க ஒரு அமெரிக்க கன் ஷோ டேபிள்ல பாக்கறப்போ மனசு எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. இந்தியால சாதாரண ஆளு கனவுல கூட வாங்க முடியாதத இங்க முறையா வாங்கலாம். பட்ஜெட்டுக்குள்ள ஒரு சர்ப்ளஸ் வாங்கியே தீரணும்னா என்னோட ஓட்டு இதுக்குதான், காரணம் பாசம் மட்டும் இல்ல, 303 தேடி அலைய வேண்டாம், 7.62 நேட்டோ தோட்டா நெறைய கெடைக்குது. 308 வின்செஸ்டர் வெளி அளவுல கிட்டத்தட்ட அதேதான், அதனால பல பேரு அதையும் போட்டு சுடறாங்க, ஆனா வேட்டைக்குன்னு விக்கற அழுத்தமான 308 லோடுகள இதுல போடாதீங்க, நேட்டோ ஸ்பெக் தோட்டாவோட நிறுத்திக்கோங்க, ரைபிளுக்கும் அறுபது வயசு ஆகுது. அம்பது வருஷத்துக்கு மேல பழைய ரைபிள்ன்றதால, கலெக்டர்களுக்குன்னு இருக்கற டைப் 03 லைசென்ஸ் எடுத்தா வீட்டுக்கே வரவழைக்கலாம், மூணு வருஷத்துக்கு முப்பது டாலர்தான், ஒண்ணுக்கு மேல பழசு வாங்கற ஐடியா இருந்தா கடைக்காரருக்கு குடுக்கற டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் மிச்சமாகறதுலயே அந்த காசு திரும்பிடும்.

எம்1 கேரண்ட் வேற லெவல். ஜான் கேரண்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரில டிசைன் பண்ணி 1936ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட ரைபிள், அம்பது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. இத வாங்க சரியான எடம் கன் ஷோ இல்ல, சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராம், சுருக்கமா சிஎம்பின்ற அமைப்பு, அலபாமால அனிஸ்டன்லயும் ஒஹாயோல கேம்ப் பெரி பக்கத்துலயும் கடை வெச்சிருக்காங்க, மெயில் ஆர்டரும் உண்டு. ராணுவம் திருப்பி குடுத்த ரைபிள அவங்களே செக் பண்ணி, ஹெட்ஸ்பேஸ் பாத்து, கிரேடு போட்டு விக்கறாங்க. ஆனா அமெரிக்க சிட்டிசனா இருக்கணும், கிரீன் கார்டு பத்தாது, அவங்களோட சேந்த கிளப்ல மெம்பரா இருக்கணும், ஏதாவது ஷூட்டிங் பயிற்சில கலந்துகிட்டதுக்கு பேப்பர் வேணும். விலையும் கிரேட பொறுத்து ஆயிரத்த சுத்தி போகும், அப்போ இது ஐநூறு டாலர் ஆளுக்கான ரைபிள் இல்ல. வாங்கினவங்க ஒண்ண மட்டும் மறக்காதீங்க, இன்னைக்கு கடையில இருக்கற கனமான 30-06 சைஸ் வேட்டை தோட்டாவ அதுல போட்டா கேஸ் அழுத்தம் அதிகமாகி ஆப்பரேட்டிங் ராட் வளைஞ்சுடும், கேரண்டுக்குன்னு போட்டு விக்கற தோட்டாவத்தான் போடணும்.

புதுசு பக்கம் வருவோம். இங்க சொல்றதுக்கு கம்மிதான், அதுவே அதோட பலம். சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட், ரூகர் அமெரிக்கன், இந்த மூணுதான் இந்த விலைல திரும்ப திரும்ப வர்ற பேரு. சாவேஜ் நானூறு பக்கம், ஸ்கோப் மாட்டியே விக்கற பேக்கேஜும் இருக்கு. ரூகர் அமெரிக்கன் ஐநூறுல இருந்து மேல, என் கணக்குல அந்த நூறு டாலர் கூட குடுக்கறது நியாயம், போல்ட் வழுவழுன்னு ஓடும், சேஃப்டி கட்டைவிரலுக்கு கீழயே வரும், ட்ரிகர் நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நல்ல தோட்டா போட்டா நூறு கஜத்துல ஒரு இன்ச்ச ஒட்டி குரூப் குடுக்கும், மோசின் கனவு காண முடியாத விஷயம் அது. ஏதாவது கோளாறுன்னா கம்பெனிக்கு ஃபோன் பண்ணலாம், ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்கும், இதுக்கு முன்னாடி யாரு என்ன பண்ணியிருப்பாங்கன்ற பயம் இல்ல.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். சாவேஜோட பிளாஸ்டிக் ஸ்டாக் முன்பக்கம் கையால அமுக்கினாலே வளையும், பைபாட்ன்ற ரெண்டு கால் ஸ்டாண்டு போட்டு சாய்ச்சா பேரல்ல இடிச்சு குறி மாறும். இந்த ரைபிள்ல பெரும்பாலும் இரும்பு சைட் வராது, அதனால ஸ்கோப் வாங்கியே ஆகணும், நூத்தம்பது இருநூறு டாலர் அதுக்கு ஒதுக்கணும், இந்த ஒரு விஷயத்துல சர்ப்ளஸ் ஜெயிக்குது, அது வாங்கின நிமிஷமே முழு ரைபிள். எடை மூணு கிலோவுக்குள்ள இருக்கறதால 308 நல்லா ஒதைக்கும், நாலு கிலோவுக்கு மேல இருக்கற கேரண்ட் அதவிட பலமான தோட்டாவையே மெத்துன்னு சுடும். முதல் தடவ வாங்கறவங்க, முக்கியமா வீட்ல மனைவியோ டீனேஜ் பசங்களோ சேந்து கத்துக்கப்போறாங்கன்னா, அதே ரூகர 308விட மெதுவா ஒதைக்கற 223 இல்ல 243 தோட்டா சைஸ்ல வாங்குங்க, 223 தோட்டா விலையும் கம்மி, பாதி விலைல கூட கெடைக்கும். ஆனா 223ல மான் சுட சில மாநிலத்துல அனுமதி இல்ல, வேட்டைன்னா 243க்கு போங்க.

அப்புறம் திரும்ப விக்கற கணக்கு. புது ரைபிள கடைய விட்டு வெளிய கொண்டு வந்த உடனே மதிப்பு எறங்கும். நல்ல சர்ப்ளஸ் இத்தன வருஷமா ஏறிட்டேதான் இருக்கு, ஏன்னா யாரும் திருப்பி செய்யப்போறது இல்ல. ரெண்டாவது மூணாவது ரைபிள்னு வர்றப்போ இது பெரிய வாதம், அப்போ நானே சர்ப்ளஸ் வாங்குங்கன்னு தள்ளி விடுவேன். முதல் ரைபிளுக்கு மட்டும் இது செல்லாது, கத்துக்கற காலத்துல குறி ஏன் தப்புச்சுன்னு தெரியணும், தப்பு உங்க தோள்லயா, மூச்சுலயா, இல்ல எண்பது வருஷம் தேஞ்ச பேரல்லயான்னு புரியாம தோட்டாவ கரைச்சுட்டு இருந்தா கத்துக்கவே முடியாது.

நெறைய பேரு யோசிக்காத மூணாவது வழி ஒண்ணு இருக்கு, மிலிட்டரி இல்லாத பழைய வேட்டை ரைபிள். சாவேஜ் 110, ரெமிங்டன் 700 மாதிரி ரைபிள்கள், யாரோ ஒரு தாத்தா வருஷத்துக்கு ஒரு டப்பா தோட்டா மட்டும் சுட்டுட்டு பத்திரமா வெச்சிருந்தது, பேரன் வந்து கடையில குடுத்துட்டு போயிருப்பான். நானூறுல இருந்து அறுநூறுக்குள்ள, பெரும்பாலும் ஒரு ஸ்கோப்போடவே வரும், நல்ல மரக்கட்டை, தேயாத பேரல், 30-06ஓ 243ஓ கடையில கெடைக்கற தோட்டா. ரெமிங்டன் 700னா ஒரு மாடல் ட்ரிகர 2014ல கம்பெனியே திரும்ப வாங்கி மாத்தி குடுத்துச்சு, அதனால வாங்கறதுக்கு முன்னாடி எந்த ட்ரிகர் போட்டிருக்கு, மாத்தியாச்சான்னு கேளுங்க. பழைய மரக்கட்டை ஆசையும் தீரும், பாக்கெட்டும் தாங்கும், என்கிட்ட நேர்ல கேக்கறவங்கள நான் முதல்ல அனுப்பறது ஜனவரி மாசம் சீசன் முடிஞ்சதும் கடையோட யூஸ்டு ரேக்குக்குதான், அப்போதான் நெறைய வரும்.

கடைசியா பட்ஜெட்ட எப்படி பிரிக்கணும்னா, அறுநூறு டாலர் இருந்தா அறுநூறையும் ரைபிள்ல போடாதீங்க. காதுக்கு நல்ல மஃப், கண்ணுக்கு கண்ணாடி, கிளீனிங் கிட், பசங்க இருக்கற வீடுன்னா பூட்டு போடற அலமாரி, அது இல்லன்னா ரைபிள வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, தோட்டாவ தனியா வேற எடத்துல பூட்டி வெக்கணும். இதுக்கே இருநூறு போயிடும், அப்போ ரைபிளுக்கு மிச்சம் நானூறு, அதுல புது ஆக்ஸிஸ் ஸ்கோப் பேக்கேஜ் கிட்டத்தட்ட வந்துடும், யூஸ்டு ரேக்ல நல்ல பீஸ் ஒண்ணு கண்டிப்பா வந்துடும். சர்ப்ளஸ்ல அந்த விலைக்கு கெடைக்கறது மோசின்தான், அதுக்கும் கன்ஸ்மித் காசு தனி.